பித்தளை அண்டாவில் பதிந்த ரேகை

கேள்வி: ஐயா, வணக்கம். கானாடுகாத்தான் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. என் தம்பி பதினோரு வருடமாக இங்கே ஒரு செட்டியார் வீட்டுக்குக் காவலாக இருக்கிறான். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வாரம் இரண்டு முறை முகப்பையும் வளவையும் திறந்து கூட்டி, விளக்கேற்றிப் பூட்டுவது இவன் வேலை. இரண்டாம் கட்டுச் சாமான் அறையின் சாவி வீட்டுக்கார ஆச்சியிடம்தான் இருக்கும். மாசியில் முன்னோருக்கான படைப்புக்காக வீட்டைத் திறந்தபோது அந்த அறையின் பூட்டு உடைந்து, வெள்ளிக் குத்துவிளக்கும் பித்தளை, இனாமல் சாமான்களும் காணாமல் போயிருந்தன. பின்பக்கச் சன்னல் கம்பி அறுக்கப்பட்டு, உடைந்த கண்ணாடிச் சில்லில் இரத்தம் இருந்தது. மோப்ப நாய் எங்கள் வாசல்வரை ஓடி வந்து நின்றது. திருடர்கள் விட்டுப்போன ஓர் அண்டாவில் ஐந்து ரேகை எடுத்ததாகவும், ஒன்று தம்பியுடையது, இரண்டு கலைந்துவிட்டன, இரண்டு யாருடையது என்று தெரியவில்லை என்றும் ஸ்டேஷன் ரைட்டர் சொன்னார். காணாமல் போன சாமான் ஒன்றுகூட எங்களிடம் கிடைக்கவில்லை. போன வருடம் அந்த வீட்டு அறுபதாம் கல்யாணத்துக்கு அண்டாவைத் தூக்கி வைத்தது தான்தான் என்று தம்பி சொல்வதை யாரும் கேட்கவில்லை. கைதாகி ஜாமீனில் வந்து, தினமும் கையெழுத்துப் போடுகிறான். குற்றப்பத்திரிகை இன்னும் வரவில்லை. “ரேகை பொய் சொல்லாது, ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும்” என்கிறார்கள். உண்மை கண்டறியும் சோதனைக்குச் சம்மதம் கேட்கிறார்கள். வீட்டுக்காரரின் உறவினர் ஒருவர், கொல்லங்குடிக் காளி கோயிலுக்கு வந்து, நியாயம் கேட்டுக் காசு வெட்டிப் போடத் தயாரா என்கிறார். நாங்கள் என்ன செய்வது? ஆச்சி நல்லவர், அவரிடம் நானே போய்ப் பேசலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வழக்குக் கட்டைப் பார்க்காமல், உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி குற்றம் செய்தாரா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் இடம் இது அன்று. ஆனால், பதினோரு ஆண்டுகளாக ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் ரேகை அந்த வீட்டுப் பாத்திரம் ஒன்றில் இருக்கிறது என்பதற்காக மட்டும் “ஒத்துக்கொள்” என்று சொல்லிவிடும் அளவுக்கு இந்த வழக்கு முடிந்துபோகவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

ரேகை பொய் சொல்லாது என்பதை ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். அதனிடம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பரப்பைத் தொட்ட விரல் யாருடையது? எப்போது தொட்டது, எதற்காகத் தொட்டது, யார் சொல்லித் தொட்டது என்ற கேள்விகளுக்கு ரேகையிடம் பதில் கிடையாது. இந்த வேறுபாட்டை நம் நாட்டு நீதிமன்றம் கைரேகைச் சாட்சியம் அறிமுகமான நாளிலேயே கண்டுகொண்டது. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் தொடங்கப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு எட்வர்டு ஹென்றியின் பெயர் நிலைத்தாலும், அதற்கான கணக்கைப் போட்டுக்கொடுத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவல் அதிகாரிகள். அடுத்த ஆண்டே ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவரின் கொலை வழக்கில், அவருடைய பொருள்களோடு கிடந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றில் பதிந்த ரேகை, முன்பு அவரிடம் வேலை பார்த்து, திருட்டுக்காகச் சிறை சென்றுவந்த ஒருவருடையது என்று நிறுவப்பட்டது. நீதிமன்றம் அவரைத் திருட்டுக்குத் தண்டித்தது, கொலைக்குத் தண்டிக்கவில்லை. அவர் அந்தப் பஞ்சாங்கத்தைத் தொட்டார் என்பதைத்தான் ரேகை காட்டியது, அவர் கொன்றார் என்பதை அது காட்டவில்லை என்பதே காரணம். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த எளிய செய்தியைக் காவல் நிலைய வாசலில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது வியப்புதான்.

இனி உங்கள் அண்டாவுக்கு வருவோம். ஒரு ரேகை எந்த நாளில் பதிந்தது என்பதை நம்பகமாகக் கணித்துச் சொல்லும் முறை எதுவும் இன்று நடைமுறையில் இல்லை. மூடிய அறையில் யாரும் தொடாமல் இருக்கும் வழவழப்பான பரப்பில் ரேகை மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். பித்தளையில் இது இன்னும் சிக்கலானது. விரல் வியர்வையில் உள்ள உப்பு அந்த உலோகத்தின் மேற்பரப்பை மெல்ல அரிப்பதால், வியர்வை போன பின்னும் அரிப்பின் வடிவம் அப்படியே இருந்துவிடுகிறது; இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயர் காவல்துறையில் பணியாற்றிய ஜான் பாண்ட் என்ற அறிவியலாளர், துடைத்து எடுத்த பித்தளைத் தோட்டா உறைகளிலும் இப்படி ரேகையை வெளிக்கொணர முடியும் என்று 2008இல் காட்டினார். ஆகவே, “ரேகை தெளிவாக இருக்கிறது, அதனால் புதியது” என்று யாராவது வாதிட்டால் அந்த வாதத்துக்கு அறிவியலின் துணை இல்லை.

இங்கேதான் நம் பக்கத்து வழக்கம் ஒன்று உங்கள் தம்பியின் வழக்கில் உயிர்நாடியாகிறது. விசேஷம் முடிந்ததும் பித்தளைச் சாமான்களைப் புளி போட்டுத் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்து, துணியால் துடைத்த பிறகுதான் சாமான் அறைக்குள் ஏற்றுவார்கள். புளியும் தேய்ப்பும் சேர்ந்து உலோகத்தின் மேற்பூச்சையே எடுத்துவிடுவதால் அதற்கு முந்தைய ரேகைகள் பெரும்பாலும் அத்தோடு போய்விடும். எனவே அந்த அண்டாவைப் பொறுத்தவரை கணக்குத் தொடங்கும் நாள், கடைசியாகப் புளி போட்டுத் தேய்த்த நாள். அறுபதாம் கல்யாணத்துக்குப் பிறகு தேய்த்தது யார், தேய்த்துக் காய்ந்த அண்டாவை உள்ளே தூக்கிச் சென்றது யார், உடன் பிடித்தவர் யார், அதைக் கவிழ்த்து வைத்தார்களா நிமிர்த்தி வைத்தார்களா, அதன் பிறகு அந்த அறை எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதையெல்லாம் உங்கள் தம்பி இப்போதே நினைவிலிருந்து எழுதி, தேதியிட்டு, வழக்கறிஞரிடம் கொடுக்க வேண்டும். விழாவின் புகைப்படங்களிலும் காணொளியிலும் அவர் அந்த அண்டாவோடு நிற்கும் ஒரு படம் இருந்தாலும் அது பெரிய துணை. தேய்த்த பிறகு அதை உள்ளே கொண்டு வைத்தவர் அவர்தான் என்றால், ரேகைக்கு நேர்மையான விளக்கம் கிடைத்துவிடுகிறது. இன்னொரு பக்கத்தையும் நான் மறைக்கக் கூடாது: தேய்த்த பிறகு அந்தப் பாத்திரத்தை வேறு ஆட்கள்தான் கொண்டு வைத்தார்கள், சாவி கடைசிவரை ஆச்சியிடமே இருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டால், அதே ரேகை உங்கள் தம்பிக்கு எதிராக வலுவாகப் பேசத் தொடங்கிவிடும். அதனால்தான் இந்த விவரத்தை ஊகமாக விடாமல், முதல் நாளே தீர விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

ரேகை அண்டாவில் எந்த இடத்தில், எந்தத் திசையில் இருந்தது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். பெரிய அண்டாவை இருவர் தூக்கும்போது விரல்கள் விளிம்புக்கு அடியிலும் வளையத்தை ஒட்டியும் விழும். உருட்டித் தள்ளும்போது உள்ளங்கை வயிற்றுப் பகுதியில் விழும். உள்ளே கைவிட்டு ஒரு பொருளை எடுக்கும்போது விரல்நுனிகள் உட்சுவரில் கீழ்நோக்கிப் பதியும். பாத்திரத்துக்குள் குத்துவிளக்கு வைக்கப்பட்டிருந்தது என்று ஆச்சி சொல்லியிருந்தால், உட்சுவரில் உள்ள ரேகைக்கும் வெளிவிளிம்பில் உள்ள ரேகைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. முறைப்படி வேலை செய்யும் கைரேகை நிபுணர், பொடி தூவி ரேகை தெரிந்ததும், ஒட்டுநாடாவில் எடுப்பதற்கு முன், அது பாத்திரத்தில் இருந்த நிலையிலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுப்பார். அப்படிப் படம் இல்லாமல் நாடா மட்டும் இருந்தால், அந்த ரேகை அண்டாவின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதற்கு நிபுணரின் வாய்ச்சொல் தவிர வேறு ஆதாரம் இருக்காது. அறுத்த சன்னல் கம்பியிலும், உடைந்த பூட்டிலும், கண்ணாடிச் சில்லிலும் ரேகை தேடப்பட்டதா என்றும் கேட்க வேண்டும். அங்கே உங்கள் தம்பியின் ரேகை இல்லை என்பது அவர் குற்றமற்றவர் என்பதற்கு நிரூபணம் ஆகிவிடாது, கையுறை எந்தக் கடையிலும் கிடைக்கிறது. ஆனால் தேடவே இல்லை என்றால் அது புலனாய்வின் குறை.

யாருடையது என்று தெரியாத அந்த இரண்டு ரேகைகளைப் பற்றி உங்கள் கடிதம் ஒரு வரியில் கடந்துபோகிறது. நான் அங்கே நின்றுவிட்டேன். வீட்டைத் திறந்த ஆச்சி, உடன் வந்த பங்காளிகள், சமையல்காரர், அறுபதாம் கல்யாணத்தில் பாத்திரம் தேய்த்தவர்கள் ஆகியோரின் ரேகைகளை எடுத்து ஒப்பிட்டு, அவர்களுடையதைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சந்தேகத்துக்குரியதாகக் கொள்ள வேண்டும். அந்தக் கழித்தல் நடந்ததா? நடந்த பிறகும் இரண்டு ரேகைகள் மிஞ்சினால், 2022 முதல் நாடு முழுவதும் இயங்கிவரும் தேசியத் தானியங்கிக் கைரேகை அடையாள அமைப்பில் அவை தேடப்பட்டனவா? பூட்டிய வீடுகளிலிருந்து பித்தளையும் இனாமலும் வெள்ளியும் களவுபோவது இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. பழைய சாமான்களுக்கு நல்ல விலை இருக்கும்வரை அது நிற்கப்போவதும் இல்லை. வேறொரு ஊரில் பிடிபட்ட ஒருவரின் ரேகையோடு அவை பொருந்தினால் வழக்கின் போக்கே மாறிவிடும். இந்தத் தேடலைக் கேட்டு விசாரணை அதிகாரிக்கும், நகலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் உங்கள் வழக்கறிஞர் மூலம் எழுத்து மூலமாக விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகையை வாங்கி வையுங்கள். பதில் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம்; குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகும்கூட, நீதிமன்ற விசாரணை தொடங்கும்வரை மேல் புலனாய்வுக்கு உத்தரவிட நடுவருக்கு அதிகாரம் உண்டு என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

பொருந்துகிறது என்று சொல்லப்பட்ட அந்த ஒரு ரேகை உண்மையிலேயே அவருடையதுதானா என்ற ஐயத்தை எழுப்பலாமா என்றும் நீங்கள் எண்ணக்கூடும். எழுப்பலாம், ஆனால் அதை முதல் வாதமாக வைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். கைரேகை ஒப்பீடு தடய அறிவியலின் உறுதியான பிரிவுகளில் ஒன்று. 2011இல் அமெரிக்காவில் 169 நிபுணர்களை வைத்து நடந்த சோதனையில், வேறு வேறு ஆட்களின் ரேகைகளை ஒருவருடையது என்று தவறாகச் சொன்ன விகிதம் 0.1 சதவீதம், ஒரே ஆளுடைய ரேகைகளை அவருடையது இல்லை என்று தவறாக ஒதுக்கிய விகிதம் 7.5 சதவீதம். பிழை குறைவு, ஆனால் உண்டு. 2004இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ரேகையை, ஓரிகன் மாநிலத்தில் இருந்த வழக்கறிஞர் ஒருவருடையது என்று அமெரிக்காவின் எஃப்பிஐ நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் அதையே சொன்னார். ஸ்பெயின் காவல்துறை அதே ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என்று கண்டறிந்த பிறகு, இரண்டு வாரம் காவலில் இருந்த அந்த வழக்கறிஞரை விடுவித்து மன்னிப்புக் கேட்டார்கள். ஒருவர் “பொருந்துகிறது” என்று சொல்லிவிட்டார் எனத் தெரிந்த பிறகு பார்க்கும் அடுத்த நிபுணரின் கண் அதையே தேடும் என்பது அந்த வழக்கு கற்றுக்கொடுத்த பாடங்களில் ஒன்று. ஆகவே நிபுணரைக் கூண்டில் ஏற்றிக் கேட்க வேண்டியவை: எத்தனை அடையாளப் புள்ளிகள் பொருந்தின, பொருந்தாதவை இருந்தனவா, இரண்டாவது நிபுணர் முதல் முடிவை அறியாமல் தனியாகப் பார்த்தாரா. கைரேகைப் பணியக இயக்குநர் போன்ற அரசு அறிவியல் வல்லுநர்களின் அறிக்கையை அவர்களை அழைக்காமலேயே சாட்சியமாக ஏற்கப் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு இடம் தருகிறது. எதிர்த்தரப்பு கேட்டால் நீதிமன்றம் வல்லுநரை அழைக்கவும் அதே பிரிவு வழி வைத்திருக்கிறது. கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

என் அனுபவத்தில் இத்தகைய வழக்குகள் ஆய்வகத்தில் தோற்பதைவிட, ஆய்வகத்துக்குப் போகும் வழியில் தோற்பதே அதிகம். முகமது அமான் வழக்கு என்று 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ராஜஸ்தான் வழக்கு ஒன்று, நம் அண்டாவுக்குச் சகோதரன் போலவே இருக்கிறது. அங்கே கொலை நடந்த வீட்டில் கைப்பற்றிய பித்தளைக் குவளையில் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், ரேகை இருந்தது. அந்தக் குவளை ஐந்து நாள் காவல் நிலையத்திலேயே, தகுந்த காரணமின்றி வைக்கப்பட்டிருந்ததையும், எதிரியின் மாதிரி ரேகை நடுவர் முன்னிலையில் எடுக்கப்படாததையும் சுட்டிக்காட்டி, அந்தச் சாட்சியத்தை நம்பித் தண்டிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. உங்கள் தம்பி காவலில் இருந்த நாள்களில் அந்த அண்டாவும் அதே நிலையத்தில் இருந்ததா என்பதை இதனால்தான் கேட்கிறேன். ஒரு எச்சரிக்கை: 2022ஆம் ஆண்டின் குற்ற நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் ரேகை எடுக்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்கு விரிவாகவே கொடுத்திருப்பதால், நடுவர் இல்லை என்ற ஒரே வாதத்தை நம்பி இன்று நிற்க முடியாது. பொருள் எங்கெங்கே இருந்தது, யார் கையில் இருந்தது, எப்போது முத்திரையிடப்பட்டது என்பதே வலுவான கேள்வி.

இதற்கான பதில்கள் தாள்களில் இருக்கின்றன. பார்வை மகஜர், பறிமுதல் மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் காவல்துறை எழுதும் பதிவுகள்), அதில் கையெழுத்திட்ட சாட்சிகள், பொருளை நீதிமன்றத்துக்கு அனுப்பிய படிவம் 95, நீதிமன்றத்தில் அது பெறப்பட்ட தேதி, கைரேகைப் பிரிவின் வருகைக் குறிப்பு, ஆய்வகத்தின் பெறுகைச் சீட்டு ஆகியவற்றின் தேதிகளையும் நேரங்களையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால், எங்கே இடைவெளி விழுகிறது என்பது தானாகத் தெரியும். குற்றப்பத்திரிகை வந்து உங்கள் தம்பி முன்னிலையான நாளிலிருந்து 14 நாள்களுக்குள் நகல்கள் இலவசமாகக் கொடுக்கப்பட வேண்டும். 1.7.2024 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டம், சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்றும் 105ஆம் பிரிவில் சொல்கிறது. அந்தப் பதிவையும் கேளுங்கள். அண்டாவை யார் வெறுங்கையால் தூக்கினார்கள் என்பது அதில் தெரிந்தாலும் தெரியலாம்.

கண்ணாடிச் சில்லில் இருந்த இரத்தத்தைப் பற்றி எல்லாரும் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்கு இந்த வழக்கின் மிகச் சிறந்த தடயம் அதுதான். அண்டாவைத் தொடக் காவல்காரருக்கு நூறு காரணம் இருக்கலாம். உடைந்த கண்ணாடியில் இரத்தம் சிந்த, உடைத்தவருக்குத்தான் காரணம் அதிகம். அது மனித இரத்தம்தானா, யாருடையது என்று மரபணு ஆய்வு செய்யப்பட்டதா என்பதை அந்த விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும். அதற்கு முன் உங்கள் தம்பி தம் வழக்கறிஞரிடம் தனியாக அமர்ந்து முழு உண்மையையும் சொல்ல வேண்டும். வழக்கறிஞரிடம் சொன்னது அவரைத் தாண்டிப் போகாதபடி சட்டமே காக்கிறது. அவர் சொல்வது உண்மையானால், ஒப்பீட்டுக்கு மாதிரி கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. தயங்கினாலும் பெரிய பயன் இல்லை. ரேகையும் எழுத்து மாதிரியும் கொடுப்பது தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதாகாது என்று 1961லேயே பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு முடிவு செய்துவிட்டது. கைதானபோது நடந்த மருத்துவப் பரிசோதனையின் குறிப்பையும், சிறையில் சேர்த்தபோது உடற்காயங்களைப் பதியும் பதிவேட்டின் நகலையும் வாங்குங்கள். கையில் வெட்டுக்காயமோ ஆறிய வடுவோ இல்லை என்று அதில் இருந்தால், அதுவும் பேசும்.

மரபணு என்றால் மறுபேச்சில்லை என்ற எண்ணமும் வேண்டாம். ஜெர்மனியிலும் அதன் அண்டை நாடுகளிலும் பல ஆண்டுகளாக ஏறத்தாழ நாற்பது குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் மரபணு கிடைத்துக்கொண்டே இருந்தது. 2007இல் ஹைல்பிரான் நகரில் காவல்துறைப் பெண் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கிலும் அதுவே கிடைத்தது. இல்லாத அந்தக் கொலைகாரியை நாடே தேடியது. 2009இல் தெரியவந்தது, மாதிரி எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக் குச்சிகளைக் கையாண்ட தொழிற்சாலைப் பணியாளரின் மரபணுதான் அது என்று. நம் பக்கத்திலேயே, தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றிருந்தவரை, மரபணு மாதிரிகள் கைமாறிய வரலாறு சரியாக நிறுவப்படவில்லை என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. மாதிரியை எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியின்றிப் பொட்டலத்தைத் திறக்கக் கூடாது, மாதிரி எடுத்தது முதல் வழக்கு முடியும்வரை அது யார் கையில் இருந்தது என்பதற்குத் தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு நாடு முழுவதற்கும் கட்டளையிட்டிருக்கிறது. இரத்தக் கறையின் முடிவு உங்கள் தம்பிக்கு எதிராக வந்தால் இந்தப் பதிவேட்டை நாம் கேட்போம். சாதகமாக வந்தாலும் அரசுத் தரப்பு அதைக் குறை சொல்லாதபடி இந்தப் பதிவேடு ஒழுங்காக இருக்க வேண்டும்.

மோப்ப நாயைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. “சிறிது தூரம் ஓடி நின்றது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை” என்று நாளிதழ்கள் எழுதிப் பழகிய வரிக்கு மேல் நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பு அதிகம் இல்லை. நாயைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்பதால் அதன் போக்கைத் தனிச் சாட்சியமாக ஏற்க உச்ச நீதிமன்றம் தொடர்ந்து தயங்கியே வந்திருக்கிறது. வாரம் இருமுறை அந்த வீட்டில் நடமாடுபவரின் வாடை பிடித்து நாய் அவர் வீட்டுக்கு வராமல் வேறு எங்கே போகும்?

உண்மை கண்டறியும் சோதனைக்குச் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டாம். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. பொய் கண்டறியும் கருவி, மூளை வரைபடச் சோதனை, மருந்து கொடுத்து அரைமயக்கத்தில் பேசவைக்கும் நார்கோ சோதனை ஆகிய மூன்றையும் சம்மதமின்றி எவர் மீதும் நடத்தக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்மதித்துச் செய்துகொண்டாலும் முடிவு சாட்சியமாகாது. ஆனால் அதன் வழியாகப் பொருள் ஏதும் கண்டெடுக்கப்பட்டால் அது வழக்கில் நுழைந்துவிடும். பதற்றத்தையும் பயத்தையும் அளக்கும் கருவிக்கு, தினமும் ஸ்டேஷனுக்குப் போய்வரும் ஒருவரின் நெஞ்சுத் துடிப்பில் குற்றம் எது, கலக்கம் எது என்று பிரித்தறியத் தெரியாது. மறுப்பதை எதிராகக் கொள்ளவும் முடியாது.

“ஒத்துக்கொண்டால் குறையும்” என்பதும் அப்படித்தான். காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அதைத் தொடர்ந்து பொருள் ஏதாவது கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். தண்டனைக் குறைப்புப் பேரம் என்று சட்டத்தில் ஒரு வழி இருப்பது உண்மைதான், ஆனால் அது நீதிமன்றத்தின் முன், எதிரியின் விருப்பத்தோடு, ஏழு ஆண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரிய குற்றங்களில் மட்டும் நடக்கக்கூடியது. இரவில் வீடு உடைத்துத் திருடியதாகப் பிரிவு போட்டிருந்தால் அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டு; அந்த வழி அங்கே அடைபட்டுவிடுகிறது. முதல் தகவல் அறிக்கையில் என்ன பிரிவு இருக்கிறது என்று இன்றே பாருங்கள். களவுபோன பொருள் உங்கள் தம்பியிடம் கிடைக்கவில்லை என்பது அவருக்குப் பெரிய பலம். திருட்டு நடந்த சிறிது காலத்துக்குள் பொருளைக் கையில் வைத்திருப்பவர் மீது எழும் சட்ட அனுமானம் அவர் மீது எழவில்லை. ஆகவே அவர் காட்டி எடுத்ததாக எந்த மகஜரிலும் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது.

கொல்லங்குடியில் காசு வெட்டிப் போடுவது நம்பிக்கை சார்ந்தது. வெட்டுடையார் காளியம்மன் சந்நிதியைப் பற்றிக் கருத்துச் சொல்ல என் தொழிலில் இடமில்லை. போவதும் போகாததும் உங்கள் விருப்பம். ஆனால் அங்கோ, பஞ்சாயத்திலோ, கிராம நிர்வாக அலுவலரிடமோ உங்கள் தம்பி வழக்கைப் பற்றி எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். காவல்துறையைச் சேராதவரிடம் சொன்னதாகக் காட்டப்படும் ஒப்புதலை நீதிமன்றம் பரிசீலிக்கும். நம் மாவட்டங்களில் கிராம நிர்வாக அலுவலரிடம் எதிரி தாமாக வந்து ஒப்புக்கொண்டார் என்ற கதை எத்தனை வழக்குகளில் வருகிறது என்பது நீதிமன்றத்துக்குப் போய்வருகிறவர்களுக்குத் தெரியும்.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால், வருமான வரம்புக்குள் வருகிறவர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும்; 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். எடுக்கப்பட்ட ரேகைகள் என்ன ஆகும் என்ற கவலையும் இருக்கும். அந்தப் பதிவுகளை 75 ஆண்டு வைத்திருக்க, முன்பு சொன்ன 2022ஆம் ஆண்டின் அடையாளம் காணல் சட்டம் இடம் தருகிறது. முன் தண்டனை இல்லாத ஒருவர் இறுதியாக விடுவிக்கப்பட்டால், நீதிமன்றம் வேறு விதமாக உத்தரவிடாத வரையில் அவற்றை அழித்துவிட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. விடுதலைக்குப் பிறகு அதற்குத் தனியாக மனுக் கொடுப்பது நல்லது.

கடைசியாக, ஆச்சியைப் பற்றி. அவர் நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்த வழக்கில் அவர் அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி. நீங்கள் அவரைப் பார்க்கப் போனால், சாட்சியைக் கலைக்க முயன்றதாகச் சொல்லி உங்கள் தம்பியின் ஜாமீனை ரத்து செய்யக் கோரி மனுப் போட இடம் கொடுத்ததாகிவிடும். தொலைபேசியிலும் வேண்டாம், உறவினர் மூலமாகவும் வேண்டாம். அறுபதாம் கல்யாணத்துக்குப் பிறகு அண்டாவைத் தேய்த்தது யார், உள்ளே தூக்கி வைத்தது யார், அன்று சாமான் அறையைத் திறந்துவிட்டது யார் என்ற கேள்விகளை அவர் கூண்டில் ஏறும் நாளில் உங்கள் வழக்கறிஞர் கேட்கட்டும்.